எட்வின் எந்தப் பக்கம் திரும்பினான்

முதலில் ஒன்று சொல்லுங்கம்மா. எட்வின் வீட்டுக்குப் போய்விட்டுத்தானே இங்கே வர்றீங்க? என்ன சொன்னான்?

வேண்டாம், சொல்லாதீங்க. அவன் சொன்னதைக் கேட்டு எனக்கு என்ன ஆகப் போகிறது? ரயில்வே இன்ஸ்டிட்யூட் நூற்றாண்டு மலருக்கு எங்கள் குழுவைப் பற்றி எழுத வந்திருக்கீங்க. இரண்டு வீட்டிலும் கேட்டு எழுதுவதுதான் முறை. நான் தப்புச் சொல்லவே மாட்டேன்.

என்ன சொன்னான்?

சிரிக்கிறீங்க பாருங்க. சரி, அதை அப்புறம் வைத்துக்கொள்வோம். ரெஜி, ரெண்டு காபி! என் மனைவி ரெஜினா. உள்ளே இருந்து ஏதாவது சொல்லுவாள், அதையெல்லாம் எழுத வேண்டாம்.

முதல் வரியை இப்படி எழுதிக்கோங்க. பேசின் பிரிட்ஜ் பிரதர்ஸில் யாரும் யாருக்கும் பிரதர் இல்லை. பேசின் பிரிட்ஜிலும் யாரும் குடியிருக்கவில்லை. எல்லாரும் பெரம்பூர், அயனாவரம். பேர் வைத்தது எசேக்கியேல் அண்ணன். ரயில் அந்தப் பாலத்தில் நின்று நின்று போகும் இல்லையா, அந்த நேரத்தில் பெட்டிக்குள் நாங்கள் பாடிப் பழகுவோம். அதனால் அந்தப் பேர்.

எசேக்கியேல் அண்ணன் பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். எமர்ஜென்சி முடிந்த சமயம். எங்கள் ஃபோர்மேன் ஒருத்தர், ஆங்கிலோ இந்தியர், ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பினார். கிளம்பும்போது கிராமபோனையும் ஒரு பெட்டி நிறைய ரிக்கார்டையும் அண்ணனிடம் விட்டுவிட்டுப் போனார். எல்லாம் அமெரிக்காவில் கறுப்பு ஜனங்கள் பாடுகிற சோல் பாட்டு. அட்டையைப் பார்த்தால் நாலைந்து பேர் ஒரே நிறக் கோட்டில் வரிசையாக நிற்பார்கள். ஒருத்தன் உருகுவான். மற்றவர்கள் ஊ... ஆ... என்று அவன் கீழே விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பார்கள். அண்ணன் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு பக்கம் முழுக்கப் போட்டுக்காட்டினார்.

"டேய் லாசர், கேட்டியா? இது நம்ம கோயில் பாட்டுதாண்டா. ஆனா நாம கடவுள்கிட்ட கேக்குறத இவனுங்க பொண்ணுகிட்ட கேக்குறானுங்க."

அவ்வளவுதான். ஆரம்பித்துவிட்டோம்.

வாத்தியம் எதுவும் கிடையாது. ஒர்க்ஷாப் பேண்டுக்காரர்கள் டிரம்மைத் தொடவிடவில்லை. அதனால் வாயும் விரல் சொடுக்கும்தான். அண்ணன் முன்பாட்டு. நான் நடுக்குரல். மனுவேல் என்று ஒருத்தன், மேல்குரல். அடிக்குரலுக்கு ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தோம். ஒருநாள் கேன்டீனில் வரிசையில் நிற்கிறோம், உள்ளேயிருந்து ஒரு குரல், "டீ தீந்துபோச்சு." மேஜைமேல் இருந்த டம்ளர்கள் அதிர்ந்தன. அண்ணன் வரிசையை விட்டு வெளியே வந்து எட்டிப்பார்த்தார். நெற்றி நிறைய விபூதியோடு குப்புசாமி நிற்கிறான். "தம்பி, அதையே இன்னொரு தடவ சொல்லு" என்றார் அண்ணன். அவன் பயந்துபோய், "சத்தியமா தீந்துபோச்சுங்க" என்றான். அன்றைக்கே சேர்த்துக்கொண்டோம். கிறிஸ்துமஸ் கேரலுக்கும் அதே விபூதியோடுதான் வருவான். ஃபாதர் ஒருநாளும் ஒன்றும் சொன்னதில்லை. அந்தக் குரல் கேட்டால் யார் என்ன சொல்வார்கள்?

பாட்டெல்லாம் அண்ணன் கட்டியது. மெட்டு அந்த மாதிரி இருக்கும், வார்த்தை நம் வார்த்தை. பெரிய பேர் வாங்கிய பாட்டு உங்களுக்கே தெரிந்திருக்கும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் விளக்கெரியுது, பாப்பா,
பச்சையா சிவப்பா சொல்லு, வண்டி நிக்குது.

அண்ணன் 'வண்டி நிக்குது' என்று முடித்ததும் நாங்கள் 'நிக்குது... நிக்குது...' என்று எடுப்போம். குப்புசாமி அதையே பாதாளத்திலிருந்து ஒரு தடவை சொல்லுவான். அந்த இடத்தில் கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அதற்காகவே பாடலாம்.

இப்போது எங்கள் வழக்கம் ஒன்று சொல்கிறேன், அது தெரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. மனுவேலுக்கு பஹ்ரைனில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அவன் இடத்துக்கு ஒருத்தன் வந்தான். எங்கள் ஒர்க்ஷாப்பில் அப்ரெண்டிஸ், தூத்துக்குடிக்காரன். எட்வின் பர்னாந்து. குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணன் அவனை எட்வின் என்று கூப்பிடவில்லை. "மனுவேல், இங்க வா" என்றார். அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். அண்ணன் சொன்னார்: "ஒரு வருஷத்துக்கு நீ மனுவேல்தான். போனவன் எடம் காலியா இருக்குன்னு எங்களுக்குத் தோணக் கூடாது. அவன் பாடின மாதிரியே பாடு. வருஷம் முடிஞ்சதும் உன் பேரையும் உன் பாட்டையும் எடுத்துக்க." அவன் ஒரு வருஷம் முணுமுணுக்காமல் மனுவேலாகவே இருந்தான். அவன் அம்மா கடிதம் போட்டால்கூட அண்ணன், "மனுவேல், உங்கம்மா எழுதியிருக்காங்க" என்றுதான் கொடுப்பார்.

ஆக, ஒன்று எழுதிக்கோங்க. நான் ஆரம்பத்திலிருந்து இருக்கிறவன். எட்வின் மனுவேல் இடத்துக்கு வந்தவன். நான் இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. வரிசை தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

என்ன? தேதி, வருஷம் எல்லாம் லாசரைக் கேளுங்க, அவனுக்குத்தான் எல்லாம் ஞாபகம் இருக்கும்னு சொன்னானா? எட்வினா? அவன் வாயாலா?

அதை எழுதிக்கோங்க. அப்படியே எழுதிக்கோங்க. ரெஜி, கேட்டியா? காபிக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடப் போடு.

நாலு பேரும் முப்பது வருஷம் பாடினோம். கல்யாணம், கிறிஸ்துமஸ், இன்ஸ்டிட்யூட் ஆண்டுவிழா, யூனியன் மாநாடு. ஒரு தடவை பூந்தமல்லியில் அம்மன் கோயில் திருவிழாவில்கூட, குப்புசாமி ஏற்பாடு. கடுகு நிறக் கோட்டு, ஒரே மாதிரி ஷூ. பாட்டு மட்டும் இல்லை, ஆட்டமும் உண்டு. பாலத்துப் பாட்டின் கடைசிச் சரணத்தில் ஒரு சுத்து வரும். எப்படி நிற்போம் என்றால், நடுவில் அண்ணன், அவருக்கு இடது பக்கம் நான், வலது பக்கம் எட்வின். குப்புசாமி ஓரத்தில். அவன் சுத்த மாட்டான், அடிக்குரல் அசையக் கூடாது என்பது அண்ணன் கட்டளை. கடைசிச் சரணத்தில் அண்ணன் மைக்கைத் தூக்கிக்கொண்டு முன்னால் நாலடி நடந்துபோவார். அந்த நேரத்தில் நான் ஒரு அடி எடுத்துவைத்து ஒரு சுத்துச் சுத்தி நிற்பேன். எட்வினும் சுத்துவான். எந்தப் பக்கம் சுத்துகிறான் என்று நான் பார்த்ததில்லை. சுத்துகிறவனுக்கு உலகமே சுத்தும், அடுத்தவனை எங்கே பார்ப்பது? ஜனம் விசில் அடிக்கும். எல்லாம் சரியாக நடக்கிறது என்றுதானே நினைப்போம்?

அப்புறம் அண்ணன் போய்விட்டார். மாரடைப்பு. பாடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் இல்லை. ரேஷன் கடை வரிசையில். அவர் கேலி பண்ணுகிற மாதிரி ஒரு சாவு.

அவர் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. எடுத்தால் வழக்கப்படி ஒரு வருஷம் அவனை எசேக்கியேல் என்று கூப்பிட வேண்டும். எவனை அப்படிக் கூப்பிடுவது? எவன் திரும்பிப் பார்ப்பான்? மூன்று பேராகவே பாடுவோம் என்று முடிவு பண்ணினோம். முதல் வரியை ஒரு பாட்டுக்கு நான், ஒரு பாட்டுக்கு எட்வின். அண்ணன் போன பிறகு முதல் நிகழ்ச்சி, நம் இன்ஸ்டிட்யூட்டிலேயே, ஆண்டுவிழா. மேடையில் நடுவில் ஓட்டை தெரியக் கூடாது என்று நானும் எட்வினும் நெருங்கி நின்றோம். பாலத்துப் பாட்டு. கடைசிச் சரணம். நான் வலது காலை எடுத்துவைத்துச் சுத்தினேன்.

அவன் இடது காலை எடுத்துவைத்துச் சுத்தினான்.

அவன் பல் ஒன்று மேடையில் விழுந்தது. என் மோவாயில் பாருங்க, இந்தத் தழும்பு. மைக் கீழே உருண்டு, கூ என்று கத்தியது. குப்புசாமி மட்டும் அசையாமல் 'நிக்குது... நிக்குது...' என்று பாடிக்கொண்டிருந்தான். ஜனம் அதையும் ஆட்டத்தில் ஒன்று என்று நினைத்துக் கைதட்டியது. ஒன்ஸ்மோர் கேட்டார்கள்!

"ஏலே, எந்தப் பக்கம் திரும்புத?" என்றான், வாயைப் பொத்திக்கொண்டு.

"முப்பது வருஷமா திரும்புற பக்கம்தான். நீ எந்தப் பக்கம் திரும்பினே?"

"நான் முப்பது வருசமா திரும்புத பக்கந்தாம்லே."

"மனுவேல் ஒழுங்கா திரும்புவான்" என்றேன்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று ரெஜினா சொல்லுவாள். நான் உண்மையைத்தானே சொன்னேன்? அவன் கோட்டைக் கழற்றி மேடையிலேயே போட்டான். போட்டுவிட்டு, குளிர் காலம், மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டு போனான். அடுத்த மாதம் சாந்தோம் பக்கம் ஒரு கல்யாணத்தில் பேசின் பிரிட்ஜ் பிரதர்ஸ் பாடினார்கள் என்று ஒருத்தர் வந்து என்னிடமே சொல்கிறார். நான் அன்றைக்கு வீட்டில் இருந்தேன்!

அப்படித்தான் இரண்டானது. நாங்களும் பேசின் பிரிட்ஜ் பிரதர்ஸ், அவனும் பேசின் பிரிட்ஜ் பிரதர்ஸ். பேர் யாருக்கு என்று கேட்டால், இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே, "நாங்கதான் ஒரிஜினல், அவங்க வேற" என்று சொல்லுவோம். பதினைந்து வருஷம்.

குப்புசாமி எங்களோடுதான் இருந்தான். நல்ல மனுஷன். ஒரே ஒரு தொந்தரவு, அவனுக்கு அடிக்கடி வயிற்றுவலி வரும். மாதத்தில் பாதி நாள் வயிற்றுவலி. பாவம் என்று ரெஜினாவிடம் சொல்லிச் சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுத்தனுப்புவேன்.

எட்வின் இடத்துக்கு ஆள் எடுத்தேன். வழக்கம் வழக்கம்தானே? புதிதாக வந்தவனை எட்வின் என்று கூப்பிட வேண்டியதாயிற்று. வாய் கசந்தது, என்ன செய்ய? அண்ணன் வைத்த விதி. முதலில் வந்த எட்வின் சபை ஊழியத்துக்குப் போய்விட்டான், காதல் பாட்டுப் பாட மாட்டேன் என்று. அடுத்த எட்வினுக்குக் கல்யாணம் ஆகி, பெண்டாட்டி சுத்தக் கூடாது என்றுவிட்டாள். இன்னொரு எட்வின் மூன்று மாதத்தில் அழுதுவிட்டான். இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுமை கிடையாதும்மா. நான் என்ன பெரிதாகக் கேட்டேன்? "எட்வின் அந்த இடத்துல கிளி மாதிரி ஏறுவான், நீ ஏணி வெச்சு ஏறுற" என்று சொல்வேன். "எட்வின் கண்ணை மூடுவான் அங்க, நீயும் மூடு" என்பேன். ஒரு வருஷம் தாண்டி ஒருத்தனும் நிற்கவில்லை, தன் பேரை வாங்கிக்கொள்ள. கடைசியாக வந்தவர் பால்துரை, தபால் ஆபீஸில் வேலை, நாற்பது வயது, நிதானமான மனுஷர். அவர் ஒருத்தர்தான் நின்றார், அவரையும் வருஷம் முடிந்த பிறகும் பழக்கத்தில் எட்வின் என்றுதான் கூப்பிட்டேன்.

அவன் பாட்டைக் கேட்கப் போனதே இல்லை நான். சத்தியமாக. ஒரு தடவை காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனேன், வழியில் ஏதோ கல்யாண மண்டபம், அவன் பாடிக்கொண்டிருந்தான். மீன் கையில் இருந்ததால் உடனே கிளம்ப முடியவில்லை. வாசலில் நின்றேன், அடிக்குரல்கூட அசல் குப்புசாமி மாதிரியே இருந்தது, எவனையோ பழக்கி வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். இன்னொரு தடவை தாம்பரத்தில். தாம்பரத்துக்கு ஏன் போனேன் என்று ஞாபகம் இல்லை. செங்கல்பட்டில் ஒரு தடவை. என்ன ரெஜி? இல்லை, அது உங்க அக்கா வீட்டுக்குப் போனபோது. சரி, அக்கா வீடு காஞ்சிபுரத்தில்தான், இருக்கட்டுமே. ரயில் செங்கல்பட்டு வழியாகத்தானே போகிறது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன மே மாதம் எசேக்கியேல் அண்ணனின் கடைக்குட்டிப் பெண் பிளாரன்ஸுக்குக் கல்யாணம். அவர் போகும்போது அவள் நாலாம் வகுப்பு. ஸ்டெல்லா அக்கா, அண்ணனின் மனைவி, எனக்குப் போன் பண்ணினார். "லாசர், பிரதர்ஸ்தான் பாடணும். வேற யாரும் வேணாம். அவர் பாட்டு இல்லாம என் பொண்ணு கல்யாணம் நடக்கக் கூடாது."

"எட்வின் வர்றானா அக்கா?" என்றேன்.

"வந்தா சாப்பிட்டுட்டுப் போவான். உனக்கென்ன? நீ வந்து பாடு."

மண்டபத்துக்குப் போனோம். நானும் பால்துரையும் கோட்டைப் போட்டுக்கொள்ள ஒரு அறை கொடுத்தார்கள். மேடையில் ஒரே ஒரு பேனர், பேசின் பிரிட்ஜ் பிரதர்ஸ் என்று. மனசு நிறைந்துவிட்டது. குப்புசாமி இன்னும் வரவில்லை. நான் பால்துரையைத் தயார்பண்ணிக்கொண்டிருக்கிறேன். "எட்வின், மேல போ, இன்னும் மேல! எட்வின்னா அங்க தொண்டையில நெய் ஊத்தின மாதிரி போவான், நீ ஏன் செருமுறே?" அந்த அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் வெறும் பிளைவுட் தட்டி. நான் மூச்சு வாங்க நிறுத்துகிறேன், தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

"ஏலே லாசரு! அந்த எடத்துல மூச்சு விடாதலே! 'நிக்குது'ன்னு முடிச்ச கையோட அடுத்த அடிக்குப் போவணும். லாசரு ஒரே மூச்சுல ரெண்டு அடி போவான். நீ ஒரு அடிக்கு ரெண்டு மூச்சு வாங்குத. லாசருன்னு பேர வச்சுக்கிட்டு வெக்கமா இல்ல?"

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க! என் பேரை வைத்து எவனையோ திட்டுகிறான். நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறேன். அதே நேரத்தில் அவனும் அவன் கதவைத் திறந்துகொண்டு வருகிறான். அதே கடுகு நிறக் கோட்டு. முடி எல்லாம் போய்விட்டது அவனுக்கு. விழுந்த பல்லுக்குப் பதில் தங்கப்பல் கட்டியிருந்தான்.

"என் பேரச் சொல்லி எவனையோ ஏசுத?" என்றான் அவன், நான் கேட்க வேண்டியதை.

"நீ ஏண்டா என் பேரைச் சொல்லித் திட்டுறே?"

"ஒம்பேரு என்ன ஒன் வீட்டுச் சொத்தா? வழக்கம்லா?"

"அதே வழக்கம்தான் எனக்கும்."

அவன் பின்னால் எட்டிப்பார்த்தவன் ஜிம்மில் மாஸ்டர், மேஜை மாதிரி மார்பு. அவன்தான் லாசர்! அவனைப் பார்த்து பால்துரை, "வணக்கம் சார், நான் எட்வின்" என்றார். அவன், "நான் லாசருங்க" என்றான். இரண்டு பேரும் ஜெயிலில் சந்தித்துக்கொண்டவர்கள் மாதிரி கையைக் கொடுத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, நடைபாதையில் குப்புசாமி வருகிறான், கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு. எங்களைப் பார்த்தான். இந்தக் கதவைப் பார்த்தான். அந்தக் கதவைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"வா குப்பு, நேரமாச்சு" என்றேன் நான்.

"வாலே குப்பு, நேரமாச்சு" என்றான் எட்வின்.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அப்புறம் குப்புசாமியைப் பார்த்தோம்.

"இன்னாத்துக்கு மொறைக்கிறீங்க?" என்றான் குப்புசாமி. அந்தக் குரலில் சொன்னால் தட்டி அதிர்கிறது. "ஆமா, ரெண்டு எடத்துலயும்தான் பாடறேன். பதினஞ்சு வருஷமா ஒரே பாட்டை ரெண்டு வாட்டி பாடி நாக்கு தள்ளிப்போச்சு எனக்கு."

"வயித்துவலின்னு சொன்னியேடா! சீரகத் தண்ணி கொடுத்தனுப்பினேனே!"

"குடிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு."

"எங்கிட்ட மூட்டுவலின்னுலா சொன்னான்!" என்றான் எட்வின். "தைலம் வாங்கிக் கொடுத்தேன்."

"அது என் சம்சாரத்துக்கு ஆச்சு" என்றான் குப்புசாமி.

இதற்குள் ஸ்டெல்லா அக்கா வந்துவிட்டார், பட்டுப்புடவை, கையில் தாம்பாளத்தோடு. என்ன தற்செயல் பாருங்கம்மா, எங்களையும் பாடச் சொல்லிவிட்டு, அதை மறந்துபோய் எட்வினையும் பாடச் சொல்லியிருக்கிறார்! வயதாகிறது, மறதி. பாவம். ஆனால் அதே அக்கா, அன்றைக்கு மேடையில் இடித்துக்கொண்டபோது நான் ஒரு காலில் கறுப்பு சாக்ஸ், ஒரு காலில் பிரவுன் சாக்ஸ் போட்டிருந்தேன் என்பதை அங்கேயே எல்லார் முன்னாலும் சொல்லிக்காட்டினார். மறதியில் அப்படித்தான், பழையது நிற்கும், புதியது போய்விடும்.

"அவன்தான் அக்கா தப்புப் பக்கம் திரும்பினான்" என்றோம் இரண்டு பேரும், ஒரே நேரத்தில். சுருதி சேர்ந்திருந்தது, சொல்லப்போனால்.

அக்கா தாம்பாளத்தைக் குப்புசாமியிடம் கொடுத்தார்.

"லாசர், நீ அவருக்கு எதிர்ல நின்னு ஆட்டம் கத்துக்கிட்டே. அவர் இடது காலை வெச்சா, உனக்கு அது வலது பக்கம். எட்வின் வந்தப்ப குவார்ட்டர்ஸ் மாறியாச்சு, வராண்டா குறுகலு, எதிர்ல நிக்க எடமில்ல. அவர் முதுகுக்குப் பின்னால நின்னு கத்துக்கிட்டான். அவர் இடது காலை வெச்சா அவனும் இடதுதான் வெப்பான். முதல் நாளே நீங்க எதிரும் புதிருமாத்தான் சுத்தினீங்க. நான் அவர்கிட்ட சொன்னேன், திருத்துங்கன்னு. 'வேணாம் ஸ்டெல்லா, நான் முன்னால வந்ததும் எனக்குப் பின்னாடி ரெண்டு கதவு சாத்துற மாதிரி அழகா இருக்கு, விட்டுடு'ன்னார். அவர் விட்டுட்டுப் போற எடத்துலதான் ரெண்டு பேரும் வந்து நிப்பீங்க. அவர் போனதும் அந்த எடத்தை நீங்க அடைச்சிட்டீங்க. அப்புறம் இடிக்காம என்ன செய்யும்?"

எட்வின் என் காலைப் பார்த்தான், நான் அவன் காலைப் பார்த்தேன்.

"இத்தனை வருஷம் ஏன் அக்கா சொல்லலை?" என்றேன்.

"தனியா சொன்னா, நீ உன் பாதியை மட்டும் எடுத்துக்கிட்டுப் போயிருப்பே. அவனும் அப்படித்தான். ரெண்டு பேரும் ஒரு எடத்துல நின்னாத்தானே நான் சொல்ல முடியும்?"

ஆகவே நீங்க இதைத் தெளிவாக எழுதிக்கோங்கம்மா, நான் திரும்பிய பக்கம் சரியான பக்கம் என்று எசேக்கியேல் அண்ணன் மனைவியே சொல்லியிருக்கிறார். எட்வின் பக்கமா? இடம் இருந்தால் போடுங்க.

"போங்க, மேடைக்குப் போங்க. அவர் எடத்தை விட்டுட்டு நில்லுங்க" என்று அக்கா தள்ளிவிட்டார்.

போய் நின்றோம். நான் இந்தப் பக்கம், எட்வின் அந்தப் பக்கம், நடுவில் ஒரு ஆள் நிற்கிற அளவு இடம். குப்புசாமி ஓரத்தில். பால்துரையும் ஜிம் மாஸ்டரும் பின்னால். விரல் சொடுக்கினோம். முதல் வரி அண்ணனுடையது. யார் எடுப்பது? நான் எட்வினைப் பார்த்தேன், எடு என்று. அவன் என்னைப் பார்த்தான், நீ எடு என்று. 'பாலத்து' என்று இரண்டு பேரும் ஒன்றாக எடுத்தோம், இரண்டு பேரும் ஒன்றாக விட்டோம். மறுபடி அதே. அவன் வழிவிடுகிறான், நான் வழிவிடுகிறேன், மண்டபமே பார்த்துக்கொண்டிருக்கிறது. பிளாரன்ஸ் பூவும் முக்காடுமாக நாற்காலி நுனியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய அப்பாவின் பாட்டு, அவளுக்கு முன்னால், ஆரம்பிக்க மாட்டேன் என்கிறது. இன்றைக்கும் கெட்டுப்போனால் இனி ஒருநாளும் இல்லை என்று தோன்றியது. எட்வினுக்கும் அதேதான், அவன் காது சிவந்திருந்தது. பயந்தால் அவனுக்குக் காது சிவக்கும்.

குப்புசாமிக்குப் பொறுமை போய்விட்டது. ஆயுளில் முன்பாட்டுப் பாடியதில்லை அவன். ஒரு அடி முன்னால் வந்து, பாதாளத்திலிருந்து எடுத்தான்:

பாலத்துக்கு அந்தப் பக்கம் விளக்கெரியுது, பாப்பா!

அந்தப் 'பாப்பா' இருக்கிறதே, எருமை தொட்டிலாட்டுகிற மாதிரி இருந்தது. மண்டபம் வெடித்துச் சிரித்தது. பிளாரன்ஸ் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. எங்களுக்கும் சிரிப்பு, சிரிப்போடேயே 'நிக்குது' எடுத்துவிட்டோம். அப்புறம் யாராலும் நிறுத்த முடியவில்லை. எட்வின் ஏறினான் பாருங்க மேலே. நெய். அந்த வயதில். நான் ஒரே மூச்சில் இரண்டு அடி போனேன். மூன்று போயிருப்பேன்.

கடைசிச் சரணம் வந்தது. முன்னால் நடந்துபோக யாரும் இல்லை. நான் வலது காலை எடுத்துவைத்தேன். சுத்தினேன். வந்து நின்றேன். எனக்கு எதிரே ஒரு சாண் தூரத்தில் எட்வின் மூஞ்சி. இடிக்கவில்லை. இரண்டு பேரும் அண்ணன் இடத்தில் நிற்கிறோம்.

"ஏலே," என்றான் பல்லுக்குள்ளேயே, ஜனத்துக்குக் கேட்காமல், "பிரியாணியத் திருட்டுத்தனமா முன்னாலயே தின்னுட்டியா? வெங்காய நாத்தம் அடிக்கி."

"உன் தங்கப்பல்லுல என் மூஞ்சி தெரியுதுடா" என்றேன்.

நான் அழவில்லை. ரெஜி, உள்ளே இருந்து சொல்லாதே. வியர்வை. மே மாதம், கோட்டு.

அன்றைக்குப் பந்தியிலேயே பால்துரை மெதுவாக என்னிடம் வந்தார். "சார், இனிமே என்னைப் பால்துரைன்னு கூப்பிடலாமா?" என்றார். நானும் சரி என்றேன். ஜிம் மாஸ்டரும் எட்வினிடம் கேட்டிருக்கிறான். அவன் நிஜப் பேர் ரூபன். நல்ல பேர்.

அதற்கப்புறம் ஒரே குழுதான். ஆனால் இரண்டும் சேர்ந்துவிட்டதாக எழுதாதீங்க. எட்வின் திரும்பி வந்தான் என்று எழுதுங்க. அவன் என்னவோ நான் வந்தேன் என்று சொல்லியிருப்பான். பயிற்சி எங்கள் வீட்டில்தானே நடக்கிறது? அப்போது யார் யாரிடம் வந்தார்கள்? நூற்றாண்டு விழாவுக்கு ஒரு புதுப் பாட்டும் வைத்திருக்கிறோம். முன்பாட்டு, குப்புசாமி. ஜனம் கேட்கிறது, என்ன செய்ய?

சத்தம் கேட்கிறதா? வாசல் கேட்டின் தாழ்ப்பாள். அவன்தான். ஆறு மணிக்கு வரச் சொன்னால் இப்போதே வந்து நிற்கிறான். ரெஜி, திறக்காதே! கொஞ்சம் நிற்கட்டும். ஓடிப்போய்த் திறந்தால் நாம் இவனுக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொள்வான். நீங்க எழுதுங்கம்மா. எங்கே விட்டோம்?

ஜன்னல் வழியாகக் கொஞ்சம் பாருங்க, தலையில் ஏதாவது கட்டியிருக்கானா? ஒன்றும் இல்லையா? மார்கழிப் பனியில் மொட்டைத்தலையோடு வந்து நிற்கிறான் முட்டாள். மேல்குரல் பாடுகிறவன், தொண்டை கட்டிக்கொண்டால் யார் பாடுவது? எழுந்திருக்காதீங்க, நீங்க உட்காருங்க, நானே போகிறேன்.

டேய், இருடா, வர்றேன்.